எண்ணெய் போடாத சைக்கிள்

கோவில்பட்டி தாண்டியதும் விழிப்பு வந்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கு எப்போதும் இப்படித்தான். கரிசல் காட்டு வெளிச்சம் ஜன்னல் கம்பி வழியாக வந்து முகத்தில் விழும். அதற்கு மேல் தூங்க முடியாது. பையிலிருந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முந்தின இரவு செங்கல்பட்டு தாண்டி எழுதிய பட்டியல் அதில் இருந்தது. ராபர்ட் பிரெஸ்ஸானின் 13 படங்கள், ஒன்று முதல் பதின்மூன்று வரை. ரயில் ஆட்டத்தில் ஐந்தும் ஆறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

பட்டியல் பாளையங்கோட்டை அண்ணாச்சிக்காக. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சினிமா பார்ப்பதில் எனக்கு மூத்தவர். போன மாதம் ஃபோனில் பேச்சு பிரெஸ்ஸான் பக்கம் போய், எது முதல் படம் என்பதில் தகராறாகிவிட்டது. "ஃபோன்ல வேண்டாம் வே. நீரு ஒரு வரிசை எழுதிட்டு வாரும். நானும் எழுதி வைக்கேன். நேர்ல பாத்துக்கிடுவோம்" என்று வைத்துவிட்டார்.

பிரெஸ்ஸானைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிரெஞ்சுக்காரர். 1901இல் பிறந்து 1999 டிசம்பரில் இறந்தார். 1943 முதல் 1983 வரை நாற்பது வருஷத்தில் எடுத்த முழுநீளப் படங்கள் இந்த 13 மட்டும்தான். முதல் இரண்டு படங்களுக்குப் பிறகு தொழில்முறை நடிகர்களைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டார். எங்கிருந்தாவது ஆட்களைப் பிடித்து வந்து, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, நடிப்பெல்லாம் வடிந்தபிறகு மிஞ்சுவதைப் படத்தில் வைத்துக்கொள்வார். அவர்களை நடிகர் என்று சொல்லமாட்டார், 'மாடல்' என்பார். சிவாஜி கணேசனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் தடவை எல்லோரும் காய்ச்சலில் எழுந்து வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலில் பார்த்தது 'பிக்பாக்கெட்', பாதியில் தூங்கிவிட்டேன். அது 75 நிமிஷப் படம்.

ஜங்ஷனில் இறங்கி டீக்கடையில் நின்றேன். சில்லறை இல்லை, ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் வாங்கி, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஓடும் இழையை நகத்தால் ஒருமுறை தடவினார். பிறகு தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் கல்லாவுக்குள் போட்டார்.

பிரெஸ்ஸானின் கடைசிப் படமான 'பணம்' ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒரு கள்ளநோட்டை, அதுவும் ஐந்நூறுதான், பிராங்கில், ஒரு போட்டோக் கடையில் மாற்றிவிடுகிறார்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் கடைக்காரர் அதைக் கடைக்கு எண்ணெய் நிரப்ப வரும் தொழிலாளி தலையில் கட்டுகிறார். அவனுக்கு வேலை போகிறது. ஜெயில். குழந்தை சாகிறது, மனைவி விலகிப் போகிறாள். கடைசியில் அவன் கையில் கோடரி இருக்கிறது. டால்ஸ்டாய் கதையிலிருந்து எடுத்தது. எடுக்கும்போது மனிதருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1983 கான் விழாவில் தார்க்கோவ்ஸ்கியோடு ஒரு பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோட்டில் இந்தப் படத்துக்கு மூன்றாம் இடம் கொடுத்திருந்தேன். டீ ஆறுவதற்குள் அடித்து இரண்டாக்கினேன். அந்த நகம் தடவிய தடவல் என்னை அப்படிச் செய்யவைத்தது.

மூன்றாம் இடத்துக்கு இறங்கிய 'பிக்பாக்கெட்' பாளை பஸ்ஸில் ஞாபகம் வந்தது. நல்ல கூட்டம். "பையைப் பாத்துக்கிடுங்க, பிளேடு போட்டுட்டுப் போயிருவானுவ" என்று கண்டக்டர் பொதுவாக ஒரு குரல் கொடுத்தார். உடனே பஸ்ஸில் இருந்த அத்தனை ஆண்களின் கையும் அவரவர் பாக்கெட்டுக்குப் போய் வந்தது. எந்தப் பாக்கெட்டில் பணம் இருக்கிறது என்று திருடனுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமுடியாது. பாரிஸ் ரயில் நிலையத்தில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் காட்சி படத்தில் உண்டு. பர்ஸ் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, அங்கிருந்து மடித்த பேப்பருக்குள், மறுபடி வெறும் தோலாகச் சொந்தக்காரர் பாக்கெட்டுக்கே. கஸாகி என்ற மேஜிக் கலைஞர் சொல்லிக்கொடுத்த கைவேலை அது. அவரே நடிக்கவும் செய்தார். முகங்கள் மரக்கட்டையாக இருக்கும். கைகள் மட்டும் பரதம் ஆடும்.

பஸ் சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறியது. 1843இல் திறந்த பாலம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர் கைக்காசைப் போட்டுக் கட்டினது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் பாறைக்குப் பாறை ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. வலது, இடது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் இங்கே வரவேண்டியிருந்தது.

அண்ணாச்சி வீடு முருகன்குறிச்சிப் பக்கம், ஊசிக்கோபுரம் தெரியும் தூரத்தில். 1826இல் கட்டிய கோயில் அது. கட்டினவர் ரேனியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். அவர் பேரில்தான் இந்த ஊரில் ஒரு தெரு. அந்தத் தெருவை வைத்துத்தான் வண்ணநிலவன் 'ரெயினீஸ் ஐயர் தெரு' நாவலை எழுதினார். பெரிய சம்பவம் ஒன்றும் நடக்காது. மழை பெய்யும், யாராவது ஜன்னலில் நிற்பார்கள், யாராவது இருமுவார்கள். 'அவள் அப்படித்தான்' படத்துக்கு எழுதியவர்களில் வண்ணநிலவனும் ஒருவர். "பிரெஸ்ஸான் தமிழ்ல ஒரு நாவல் தேடி வந்திருந்தார்னா, இந்தப் புஸ்தகத்தைத்தான் கையில கொடுத்திருப்பேன்" என்று அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் சொல்வார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

திருநெல்வேலியில் உலக சினிமா பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. புதுமைப்பித்தன் கதையின் பெயரில் 'காஞ்சனை' என்று ஒரு திரைப்பட இயக்கத்தை ஆர்.ஆர்.சீனிவாசன் நடத்தினார். அந்தக் காலத்தில் ஃபிலிம் சொசைட்டிகளுக்குப் படம் பூனா ஆவணக்காப்பகத்திலிருந்தோ தூதரகங்களிலிருந்தோ 16 எம்.எம். சுருளாக, தகரப் பெட்டியில், ரயிலில் வரவேண்டும். ப்ரொஜெக்டர் சத்தம் படத்தின் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டுவதற்குள் பாதிப்பேர் பீடி குடிக்க வெளியே போய்விடுவார்கள். அதில் பாதிப்பேர்தான் திரும்புவார்கள். அண்ணாச்சி திரும்பிய கூட்டத்தில் ஒருவர். இன்று அவர் வீட்டில் டி.வி.யோடு இணைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும், நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கின்றன. டி.வி. சின்னதுதான். ஸ்பீக்கருக்குத்தான் அதிகம் செலவழித்திருக்கிறார். பிரெஸ்ஸான் பார்க்க இது போதும் என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

இட்லிக்கு நடுவே பட்டியல்களை மாற்றிக்கொண்டோம். நான் முதலிடம் கொடுத்தது 'பல்தஸார்', 1966. அவர் கொடுத்தது 'கிராமத்துப் பாதிரியின் நாட்குறிப்பு', 1951.

"சேவியர்ஸ் காலேஜ்ல படிச்சவர் வேற என்னத்தப் போடுவீங்க அண்ணாச்சி" என்றேன். சேசு சபைப் பாதிரியார்கள் 1923இல் தொடங்கிய கல்லூரி அது.

"சாமியார்களைப் பக்கத்துல இருந்து பாத்தவனுக்குத்தாம் வே அந்தப் படம் தெரியும்" என்றார். "வயித்து வலிக்காரன். வேற எதுவும் இறங்காது. ஒயின்ல தொட்ட ரொட்டி மட்டும் சாப்பிடுதான். ஊர் என்ன சொல்லுது? சாமியார் குடிகாரன்னு சொல்லுது. நம்மூர்லயும் அப்படித்தான சொல்லுவானுவ? அவன் நோட்டுல எழுதுறது கையில தெரியுது, அதையே குரல்ல வாசிக்கான், பெறகு அது நடக்கவும் செய்யுது. ஒரே விஷயம் மூணு தடவை. மூணு தடவையும் வேற வேற."

அவர் விட்ட ஒரு இடத்தை நான் சொன்னேன். அந்தப் படத்தில் ஒரே ஒரு சந்தோஷமான காட்சி: பாதிரியை ஒரு இளைஞன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான். காற்றில் அந்த நோஞ்சான் முகம் முதல் முறையாகச் சிரிக்கும். தன்னையும் ஒரு வாலிபன் என்று யாரோ மதித்துவிட்ட சிரிப்பு. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆமா, அது இருக்குல்லா" என்றார். ஆனாலும் பல்தஸாரை முதலிடத்துக்கு ஏற்றவில்லை.

பல்தஸார் ஒரு கழுதை. கைக்குக் கை மாறுகிறது. ரொட்டி சுமக்கிறது, அடி வாங்குகிறது, சர்க்கஸில் கணக்குப் போடுகிறது, கள்ளக்கடத்தலுக்குப் போகிறது, கடைசியில் மலைச்சரிவில் ஆட்டு மந்தைக்கு நடுவே படுத்துச் சாகிறது. அதன் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அதனாலேயே பிரெஸ்ஸானுக்குக் கிடைத்த மிகச்சிறந்த 'மாடல்' அதுதான் என்பது என் கட்சி. தமிழுக்கும் அது வேறு விதமாக வந்து சேர்ந்தது. ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'யைப் பிரெஸ்ஸானை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருக்க முடியாது. வெங்கட் சாமிநாதன் எழுதியது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். அந்த வருஷத்துச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் ஜானின் கழுதை அக்ரஹாரத்தையே எரிக்கிறது. பிரெஸ்ஸானின் கழுதை யாரையும் ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது. ஜானுக்குக் கோபம் இருந்தது. எனக்கு அந்தக் கோபம் பிடிக்கும். திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவோ மற்றதைத்தான்.

வடக்கே பிரெஸ்ஸானுக்கு நேரடிச் சீடர்கள் இருந்தார்கள். குமார் சஹானி பாரிஸ் போய் 'மென்மையான பெண்' படத்தில் பிரெஸ்ஸானிடம் உதவியாளராகவே வேலை பார்த்தார். அந்தப் படத்துக்கு மூலமான தஸ்தயெவ்ஸ்கி கதையையே மணி கௌல் பிறகு 'நஸர்' என்று எடுத்தார். தஸ்தயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுக'ளைப் பிரெஸ்ஸான் 1971இல் பாரிஸ் பாலத்தின் மேல் எடுத்தார். அந்தக் கதையைத்தான் எஸ்.பி.ஜனநாதன் 2003இல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து 'இயற்கை' ஆக்கினார். "ஜனநாதன் படத்துல பாட்டு நல்லாருக்கும்" என்றார் அண்ணாச்சி. அந்த இரண்டையும் ஒப்பிட அவர் சொன்னது அவ்வளவுதான். இரண்டு பட்டியலிலும் பிரெஸ்ஸானுடையது எட்டாவது.

கீழே இருப்பவற்றில் சண்டை இல்லை. முதல் இரண்டு படங்களில் பிரெஸ்ஸான் இன்னும் பிரெஸ்ஸானாகவில்லை. 'ஜோன்' ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கோர்ட் ரெக்கார்டை வாசிப்பது போல இருக்கும், இருக்கவேண்டியதும் அப்படித்தான். 'லான்சலாட்'டில் வீரர்கள் கவசத்தோடு நடப்பது பாத்திரக்கடையைத் தூக்கிக்கொண்டு நடப்பது போலக் கேட்கும் என்று நான் கேலி செய்தேன். "கேக்கும்னு சொன்னீரு பாத்தீரா" என்று அண்ணாச்சி விரலை நீட்டினார். "அந்த வார்த்தையை வச்சிக்கிடும். மத்தியானம் வேலை இருக்கு."

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆனபிறகு, வெயிலோடு வெயிலாக என்னை மேடைப் போலீஸ் ஸ்டேஷன் வரை நடத்திக் கூட்டிப்போனார். பாளையங்கோட்டையில் கோட்டை என்று மிஞ்சியிருப்பதில் அது ஒரு துண்டு. பழைய கல் மதில் மேல் உயரத்தில் ஒரு காவல் நிலையம். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபின், அவர் தம்பி ஊமைத்துரையையும் மற்றவர்களையும் இந்தக் கோட்டைக்குள்தான் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2, வெள்ளைக்கார அதிகாரிகள் இரவு விருந்தில் இருந்த நேரம், காவலை மீறித் தப்பி ஓடினார்கள். போய்ச் சேர்ந்தது பாஞ்சாலங்குறிச்சி. இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணால் எழுப்பிவிட்டார்கள். துரத்தி வந்த படை அதைப் பார்த்துத் திகைத்து நின்றது.

"வாய் திக்குகிற ஆளு. அதனால ஊமைத்துரை" என்றார் அண்ணாச்சி. "வசனம் பேசாத வீரன். நம்ம சினிமாக்காரன் அண்ணனைப் புடிச்சிக்கிட்டான். தம்பியைப் பிரெஸ்ஸானுக்கு விட்டுட்டான்."

இப்போதுதான் அவர் ஏன் என்னை வெயிலில் நடத்தினார் என்று தெரிந்தது. அவர் பட்டியலில் இரண்டாவது 'ஒரு மனிதன் தப்பினான்', 1956. என் பட்டியலில் அது ஆறாவது. அதாவது, அந்த ஐந்தோடு மோதிக்கொண்டு நின்ற ஆறு.

வீட்டுக்குத் திரும்பியபோது திண்ணையில் ஒரு இளைஞர் காத்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. பாளையங்கோட்டையில் இது புதுமையில்லை. 1890இலிருந்தே பார்வையற்றோருக்குப் பள்ளிக்கூடம் உள்ள ஊர் இது, காதுகேளாதோருக்கும் உண்டு. வங்கித் தேர்வுக்குப் படிக்கிற இந்தத் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி புத்தகம் வாசித்துக் காட்டுகிறார். "இன்னைக்குப் படம்" என்றார் அண்ணாச்சி. தம்பி சிரித்தார். "எனக்கா?"

படத்தைப் போட்டார். வசனம் வரும்போது மட்டும் தமிழில் மெல்லச் சொல்வார். அதுவும் அதிகம் இல்லை.

ஜெர்மானியர் பிடித்து லியோன் நகரச் சிறையில் அடைத்த ஒரு பிரெஞ்சுக்காரன், மரண தண்டனைக்குக் காத்திருப்பவன், அறைக் கதவின் பலகைகளை ஒரு ஸ்பூனைத் தீட்டிச் சுரண்டிப் பிரித்து, போர்வையும் கட்டில் கம்பியும் திரித்த கயிற்றில் இறங்கித் தப்புகிறான். உண்மையில் நடந்தது, ஆந்த்ரே தெவிஞி என்பவரின் அனுபவம். பிரெஸ்ஸானே போர்க்கைதியாக ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவர். கதாநாயகனாக வந்தவர் தத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட படம்.

நான் டி.வி.யைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் அரைமணி நேரம் தலையைச் சாய்த்தபடி இருந்தார். ஸ்பூன் கல்லில் தேயும் சத்தம் வந்ததும் நிமிர்ந்தார். "இரும்பைச் சாணை பிடிக்கான்." கதவைச் சுரண்டத் தொடங்கியதும், "மரம். பழைய மரம். ரொம்ப மெதுவாச் செய்தான், யாரோ வருவாங்கன்னு பயமா?" படிக்கட்டில் கைப்பிடிக் கம்பியில் சாவியைத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் வந்தது. "ஜெயிலர். ரெண்டு மாடி கீழ இருக்கான்." நான் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன். சாவிச் சத்தம் எந்த மாடியில் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை. வெளியே முற்றத்தில் துப்பாக்கிகள் சேர்ந்து வெடித்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை மட்டும் நாற்காலிப் பிடியில் இறுகிக்கிடந்தது.

கடைசி இரவு. கூடவே அடைக்கப்பட்ட பதினாறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு அவன் கூரைமேல் வருகிறான். காலுக்குக் கீழே சரளைக்கல். ஒரு ரயில் போகும்போது நாலு அடி வைக்கிறான். ரயில் போனதும் அசையாமல் நிற்கிறான். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு மதிலுக்கு அப்பால், கீச், கீச் என்று ஒரு சத்தம், நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி. திரையில் வெறும் இருட்டும் இரண்டு முகமும்.

"சைக்கிள்" என்றார் தம்பி. "எவனோ மதிலைச் சுத்திச் சுத்தி வாரான். செயினுக்கு எண்ணெய் போடல." கொஞ்சம் கழித்து, அடக்க முடியாமல், "அண்ணாச்சி, அவன் அந்தாண்ட திரும்பினதும் எறங்கச் சொல்லுங்க!"

படம் முடிந்து மொஸார்ட் வந்தபோது அண்ணாச்சி என் பக்கம் திரும்பி நோட்டை நீட்டினார். காதுக்குச் சொல்ல முடிந்ததைக் கண்ணுக்குக் காட்டக் கூடாது என்பது பிரெஸ்ஸானின் பிடிவாதம். நானும் அதைப் பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி. ஆறை அடித்து ஒன்று என்று எழுதினேன். பல்தஸாரை இரண்டுக்கு இறக்கினேன். 'பணம்' மறுபடி மூன்றுக்கே போனது, டீக்கடைக்காரர் மன்னிக்கவேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் அண்ணாச்சியும் நானும் மட்டும், காலையில் கடந்த பாலத்துக்குப் பக்கத்தில், கொக்கிரகுளம் படித்துறைக்குப் போனோம். என் பட்டியலில் நாலாவதாக இருந்தது 'மூஷெத்', 1967. யாருமற்ற ஒரு சிறுமி. வீட்டில் சாகக் கிடக்கும் அம்மா, குடிகார அப்பா. கடைசிக் காட்சியில் யாரோ கொடுத்த வெள்ளை உடையை உடம்போடு பிடித்துக்கொண்டு, விளையாட்டுப் போலப் புல்சரிவில் உருள்கிறாள். ஒருமுறை. மறுபடி. தூரத்தில் போகும் டிராக்டர்காரனைப் பார்த்துக் கை தூக்குகிறாள். அவன் போய்விடுகிறான். மூன்றாம் முறை உருண்டு அவள் விழுவதை நாம் பார்ப்பதில்லை. தண்ணீரில் ஒரு சத்தம் கேட்கிறது. அலை வட்டம் விரிகிறது.

இந்தக் கரையில்தான் 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவாக வந்தவர்களும் கலெக்டர் ஆபீஸ் நோக்கி ஊர்வலமாக வந்தபோது, போலீஸ் தடியடியில் கூட்டம் ஆற்றுக்குள் இறங்கியது. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. காஞ்சனை சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக எடுத்தார். பிரெஸ்ஸான் அதே வருஷம் டிசம்பரில், 98 வயதில், பாரிஸ் பக்கம் இறந்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் படித்துறையில் நின்றபோது, அன்று கரையில் நின்றவர்களுக்கு என்னவெல்லாம் கேட்டிருக்கும் என்றுதான் யோசனை போனது. நோட்டை எடுத்து 'மூஷெத்'தின் பக்கத்திலிருந்த எண்ணை மட்டும் அடித்தேன். வேறு எண் போடவில்லை. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, தன் பட்டியலிலும் ஐந்தை அடித்தார்.

எனக்கு இரவு ரயில். பையை எடுக்க வீட்டுக்கு வந்தால், தம்பி இன்னும் போகவில்லை. படம் முடிந்ததும் நாங்கள் பட்டியலை வைத்துப் பேசியதைக் கேட்டிருக்கிறார். "அந்தக் கழுதைப் படம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நேரம் இல்லை. "ஆரம்பம் மட்டும்" என்றார் அண்ணாச்சி.

பெயர்கள் ஓடும்போது ஷூபர்ட்டின் பியானோ. மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமாக. தம்பி கண்ணை மூடிக் கேட்டார். திடீரென்று பியானோ நின்றது. கழுதை கத்தியது. முழு மூச்சில், உள்ளிழுத்தும் வெளிவிட்டும், வெட்கமே இல்லாமல். பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பியானோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி, இன்னொரு தடவை போடுங்க."

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.